பெண் மானைச் சுட விடாதவர்

“நாப்பது பெண் மானா? நிஜமாவா சொல்றீங்க, ஐயா?”

காட்டு வேலியோரம் நின்று, மான்களைச் சுட அனுமதி கேட்ட விண்ணப்பத்தைப் படித்த கிளேட்டனுக்கு நம்ப முடியவில்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் வனவிலங்குத் துறையில் முந்தாநாள்தான் சேர்ந்திருந்தார்.

“பத்தாதுன்னா அம்பதுன்னு போட்டுக்குங்க,” என்றார் ஆர்லன். எழுபது வயது. முந்நூறு ஏக்கர் வேட்டைக்காடு அவருடையது.

“கொம்பு வச்ச ஆண் மானைத் தவிர எதையும் சுட விடமாட்டீங்கன்னு கோப்புல இருக்கே?”

“விட்டதில்ல. தாய் மேல துப்பாக்கி நீட்டுறவன் என் நிலத்துல கால் வைக்கக் கூடாதுன்னேன். இப்ப மான் கூட்டம் பெருத்துப் போச்சு. இதைப் பாருங்க.”

ஆள் உயரம் வரை மரங்களில் ஒரு இலை இல்லை.

“எட்டுன வரைக்கும் தின்னுடுச்சுங்க. ஒரு மரக்கன்னுகூடத் தலையெடுக்கல. போன குளிர்ல ஓடையோரம் பதினோரு குட்டி பட்டினியில செத்துக் கிடந்துச்சு. வயித்துல வெறும் மரப்பட்டை.”

“இதைத்தானே எனக்கு முன்ன இருந்த அதிகாரி அப்பவே சொன்னார்? அஞ்சு தடவை வந்திருக்கார். ஒவ்வொரு தடவையும், ‘மறுத்துவிட்டார், மீண்டும் முயல்வேன்’னு எழுதி, லிண்ட்க்விஸ்ட்னு கையெழுத்து.” கிளேட்டன் சிரித்தார். “அவர் விடாக்கண்டன், நீங்க கொடாக்கண்டன்!”

ஆர்லன் சிரிக்கவில்லை.

“நாலாவது தடவை முகத்துக்கு நேரா கதவைச் சாத்தினேன். அஞ்சாவது தடவை, படிச்ச திமிரை வேற எங்கயாவது போய்க் காட்டுன்னேன்.”

“கோபப்படலையா?”

“இல்ல. அடுத்த வாரமும் வருவேன்னு சொல்லிட்டுப் போயாச்சு.”

“ஆனா வரலையே. அலுத்துப் போச்சு போல. இப்ப எங்க இருக்கார்? நீங்க மனசு மாறினது தெரிஞ்சா ரொம்பச் சந்தோஷப்படுவாரே!”

ஆர்லன் வேலிக்கு அப்பால் சாலை வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொன்னபடி கிளம்பி வந்தாளே, தம்பி. அந்தி நேரம். என் மான் கூட்டம் மொத்தமா வேலியைத் தாண்டி ரோட்டுல பாய்ஞ்சது. மோதாம இருக்க வண்டியை ஒடிச்சுத் திருப்பியிருக்கா, பள்ளத்துல உருண்டுடுச்சு. நான் ஓடிப் போய்ப் பார்க்கறப்போ மூச்சு இல்ல.”

“வந்தாளா? அப்போ லிண்ட்க்விஸ்ட்ங்கறது...”

“மாப்பிள்ளை வீட்டுப் பேரு,” என்றார் ஆர்லன். “அவ என் பொண்ணு.”