பச்சையாக நின்ற கன்று

வறட்சியைத் தாங்கும் மரபணுக்கள் எந்தக் கொய்யாவில் வேலை செய்கின்றன என்று பார்க்க, ஒலக்கூர் பண்ணையில் நாற்பது கன்றுகளுக்கு இருபது நாளாகத் தண்ணீரை நிறுத்தியிருந்தாள் தேவயானி. இன்று மற்றதெல்லாம் வாடித் தொங்க, ஒன்று மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. காவல்காரர் மாயவனைக் கூப்பிட்டாள்.

“உண்மையைச் சொல்லுங்கண்ணே, தண்ணி ஊத்தினீங்களா?”

மாயவன் தலைகுனிந்தார். “ஊத்தினேன் மேடம். பாத்துக்கினு சும்மா இருக்க மனசு வரல.”

மூன்று வருட உழைப்பும் போயிற்று என்று தேவயானி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நேத்து வாடினது அத்தினிக்கும் ஊத்தியும் ஒண்ணுகூட நிமிரல மேடம்.”

“அப்ப இந்தப் பச்சைக் கன்னுக்கு?” அவள் சட்டென்று எழுந்தாள்.

“அதுக்கு எதுக்குத் தண்ணி? அதுதான் வாடவே இல்லியே!”