ஊதா ஏறாத வரிசை

சாயத்தைக் கழுவிவிட்டுத் தட்டைத் தூக்கிப் பார்த்த ஆய்வு மாணவி பர்வீன், குழிகளை இன்னொரு தரம் எண்ணினாள். உள்ளங்கை அகலத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். நோய் தரும் ஈஸ்ட் பூஞ்சை, மருந்துக்கு அசையாத படலமாக ஒட்டியிருக்கும் குழியிலெல்லாம் ஊதா நிற்கும். பூஞ்சை மருந்தை மட்டும் விட்ட குழிகள் ஊதா. கிராம்புச் சத்தை மட்டும் விட்டவையும் ஊதா. இரண்டையும் பாதிப் பாதி அளவில் சேர்த்து விட்ட எட்டுக் குழிகளில் மட்டும் சொட்டு நிறம் இல்லை.

"அந்த வரிசைக்கு ஈஸ்ட் விட மறந்திருப்பேம்மா. நானும் இந்தக் கூத்தை அடிச்சவன்தான்" என்றார் பேராசிரியர் ஆவுடையப்பன். நாலு வருடமாக அந்தப் படலத்தோடு மல்லுக்கட்டித் தோற்ற பர்வீன் மறுபடி செய்தாள். மறுபடியும் அதே எட்டு. மூன்றாம் முறை அவரே கையுறை மாட்டிக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி குழி குழியாக ஈஸ்ட் விட்டார்.

அதற்கு மூன்றாம் நாள் அவரே சாயத்தையும் கழுவி, தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நிறமில்லாத எட்டுக் குழிகள் வழியே, வாசலில் நின்ற அவருடைய சிவப்பு ஸ்கூட்டர் எட்டு ஸ்கூட்டராகத் தெரிந்தது.

கையுறையோடு ஆய்வகத்தைத் தாண்டக் கூடாது என்று தினமும் கத்துகிறவர், கையுறையோடே தாழ்வாரத்தில் ஓடினார். பர்வீன் பின்னாலேயே ஓடினாள். வாசல் காவலர் சவரிமுத்துவின் மூக்கருகே பேராசிரியர் தட்டை நீட்டினார்.

"இந்த வரிசையில என்னய்யா தெரியுது?"

சவரிமுத்து கண்ணை இடுக்கிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லியே சார்."

"சத்தமாச் சொல்லுய்யா! அந்தப் பொண்ணு காதுல விழட்டும்!"