தோழரின் மைக்

"உங்க தோழர்கள் ஆண்ட நாட்டுல எதிர்த்துப் பேசினவனையெல்லாம் ஜெயில்ல போட்டாங்களே, அது சரியா தப்பா?" தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர் மேசையைக் குத்தினார்.

தோழர் வாயைத் திறந்ததுமே, "அவர் மைக்கை அணைம்மா," என்றார் தயாரிப்பாளர், வாராவாரம் போல.

ஒலிப்பலகை முன் இருந்தவள் அணைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் தோழர் கழுத்து நரம்பு புடைக்கக் குரலின்றி வாயசைக்க, நெறியாளர் மட்டும் முழங்கினார்: "பேச்சுரிமையைக் கொன்னவங்க நீங்க!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதைத்தானே சார் நாமளும் செய்றோம்?"

"வேலை நிரந்தரமாகணுமா வேண்டாமா?"

வந்தால் மலை, போனால் மயிர். மைக்கைத் திறந்துவிட்டாள்.

"...பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது..." தோழரின் ஆவேசக் குரல் வீடுவீடாகக் கேட்டது.

விளம்பர இடைவேளை விட்டதும் தோழர் ஒலிப்பலகை அறைக்குப் பாய்ந்து வந்தார். "எவ திறந்தது? இந்தக் கேள்விக்கு எப்பவும் அணைச்சிடுவீங்கன்னுதானே சும்மா எண்ணிக்கிட்டிருந்தேன்!"

"இவளை முதல்ல வெளியே அனுப்புங்க," என்றார் பின்னாலேயே வந்த நெறியாளர்.

"அனுப்பியே ஆகணும்!" என்றார் தோழர். இத்தனை வருட விவாதத்தில் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"அடுத்தது இருபது, தோழரே. விடாம எண்ணுங்க. ஜெயிலுக்குப் போனவங்க அதைவிட நிறையப் பேர்."