தோள்வரை ஒரு போர்வை

காவியக் காட்சிகளைச் சித்திரிக்கும் ரொக்கோகோ பாணிப் பழைய ஐரோப்பிய ஓவியங்களைக் கையாலேயே நகலெடுத்து விற்பதுதான் அந்த வீட்டுப் பிழைப்பு. முகங்களைத் தீட்டுவது வீட்டுக்காரர், துணிமணிகளைத் தீட்டுவது அவர் மனைவி. அவள் கண்ணை மூடிய பிறகு இரண்டும் அவர் தலையில் விழுந்தன.

இப்போது அவர் நகலெடுக்கும் படத்தில், கொல்ல வந்த மந்திரக்காரி, ரோஜா நிறப் போர்வைக்குள் தூங்கும் வீரனின் முகத்தில் சொக்கி நிற்கிறாள்.

“அப்பா, மறுபடியும் போர்வையைத் தோள்வரை இழுத்துட்டீங்க. போர்வீரனுக்கு என்ன குளிரா?” என்றாள் மகள்.

“அசல்ல இருக்கிற மாதிரி இடுப்போடதாம்மா நிறுத்தினேன்.”

“அம்மா உங்களுக்குப் போர்த்தி, கழுத்தோரம் செருகிவிடுவாங்களே, அதே மாதிரி இருக்கு.” சொல்லிக்கொண்டே இடுப்புக்கு மேல் ஏறியிருந்த சாயத்தைத் துடைத்தாள்.

மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தவர் விழித்தபோது, படத்தில் போர்வை இடுப்போடுதான் நின்றது. அவருடைய வெள்ளைச் சட்டையில் தோள்வரை ரோஜா நிறச் சாயம் ஈரமாக இருந்தது. கழுத்தோரம் சட்டைத் துணி மடித்துச் செருகப்பட்டிருந்தது.