காற்று வராத வீடு

இணையத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வாடகை வீடு அது. ஆனால் சுற்றிக் காட்டிய அம்மாள் சொன்னதெல்லாம் தலைகீழாக இருந்தது.

“காத்தே வராதும்மா.”

சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னல் திரை பறந்து வந்து அவர் முகத்திலேயே அடித்தது. வீடு பார்க்க வந்தவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கணவனைப் பார்த்தாள். அவனும் விழித்தான்.

“தண்ணி எப்படி?”

“சொட்டு சொட்டாத்தான் வரும்.”

பால்கனித் தொட்டிகளில் செடிகள் தளதளவென்று நின்றன.

“அக்கம்பக்கம்?”

“செத்தாலும் எட்டிப் பார்க்க மாட்டாங்க.”

அதற்குள் எதிர்வீட்டுக்காரி கையில் தட்டோடு நுழைந்தாள். “அக்கா, காலையிலேருந்து பட்டினியா கிடக்கீங்க. முதல்ல சாப்பிடுங்க.”

வந்தவளுக்குப் பொறுக்கவில்லை. “அப்ப ஆஹா ஓஹோன்னு எழுதினவங்க பொய்யா எழுதினாங்க?”

அம்மாள் தலை குனிந்தார். “எழுதினது நான்தாம்மா. குடிவந்த சந்தோஷத்துல எழுதினேன். அதைப் படிச்சுட்டு ஆளுங்க வரிசை கட்டவும், கூட வாடகைக்கு ஆசைப்பட்டு ஓனர் எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டார்.”

கணவனின் கைபேசி அடித்தது. ஓனர்தான். அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

“வீடு பிடிக்கலைங்க,” என்றாள், பறந்த திரையைக் கையால் விலக்கியபடி. “காத்தே வரலை.”