திறப்பு விழாவும் சளி டப்பாவும்

மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் ஒரு சளி டப்பா காத்திருந்தது. சளி கொடுத்த செண்பகவல்லி, முடிவு தெரியும்வரை கைக்குழந்தையைத் தூக்கப் பயந்து வெளியே நின்றாள்.

"அண்ணே, அவளுக்குக் காசநோய்தானான்னு சொல்லுங்களேன்" என்று பக்கத்திலிருந்த, சளியைச் சோதிக்கும் புது இயந்திரத்தைக் கேட்டது டப்பா.

"ரெண்டே மணி நேரத்தில் சொல்லிடுவேன்" என்றது உறை போட்டிருந்த இயந்திரம்.

"அப்போ ஆரம்பிங்க."

"அவசரப்படாதே தம்பி. மூணு மாசமா நானே பொறுமையா இருக்கேன். நாளைக்கு அமைச்சர் வந்து திறந்துவைக்காமல் யாரும் என்னைத் தொடக்கூடாது."

மறுநாள், அமைச்சர் கண்ணில் அசிங்கம் படக்கூடாதென்று டப்பாவைக் காலையிலேயே குப்பைக்கூடையில் போட்டார்கள். ரிப்பன் வெட்டிக் கைதட்டியது அதற்கும் கேட்டது. பிறகு நர்ஸின் குரல் கேட்டது.

"செண்பகவல்லி, இன்னொரு தரம் துப்பிக் குடும்மா. இன்னிக்கும் குழந்தையைத் தூக்காதே."