றேமண்டின் ட்ரினிடாட்

"கையை எடுங்கோ ரீச்சர். ட்ரினிடாட்டில ஆரும் கோழியைப் பிசைஞ்சு சாப்பிடுறேல்லை."

ஏஜன்ட் நமசிவாயம் இதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் சரோஜினிதேவி திடுக்கிட்டு எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். பிறகு கரண்டியைச் சோக்குக்கட்டி போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்தச் சாப்பாட்டுக்கடை. நாலு மேசை, ஒயில் துணி விரிப்பு, சத்தம் போடுவதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒரு மின்விசிறி. கரிபியன் சாப்பாட்டுக்கு இவ்வளவு போதும் என்று கடைக்காரர் றேமண்ட் முடிவு செய்திருந்தார். கொட்டாஞ்சேனைக்காரர். இருபது வருடம் கப்பலில் சமைத்தவர். அதில் ஆறு வருடம் ட்ரினிடாட் தீவில் இறங்கித் தங்கிவிட்டதாக அவரே சொல்லுவார். இல்லை என்று சொல்லக் கொழும்பில் ஒருவரும் இருக்கவில்லை.

சரோஜினிதேவியின் கணவர் மகனையும் கூட்டிக்கொண்டு கனடா போய் ஆறு வருடமாகிவிட்டது. அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடமாக லொட்ஜில் கிடக்கிறாள். இரண்டு தரம் விமான நிலையத்தில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தரமும் பிழைத்துப்போனால் இனித் தன்னால் ஏலாது என்று நமசிவாயம் முன்கூட்டியே கையை விரித்துவிட்டார். போன கிழமை தொலைபேசியில் மகன், "அம்மா, உங்கட முகம் எனக்கு மறந்துபோச்சு" என்றான். அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை.

இந்த முறை அவள் பெயர் சான்ட்ரா ராம்லால். ட்ரினிடாட்டில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து போனவர்களின் வாரிசுகள், முகம் நம்முடையதுதான், பாஸ்போட்டும் அசல்தான் என்று நமசிவாயம் விளக்கினார். பதினைந்து வருடம் இங்கிலிஷ் படிப்பித்தவளுக்குப் பேச்சிலும் பயமில்லை. வில்லங்கம் சாப்பாட்டில்தான் இருந்தது.

"முந்தி எயர்போட்டில தலைநகரம் என்ன, பிரதமர் ஆர் எண்டு கேட்டவங்கள். எங்கட சனம் எல்லாத்தையும் பாடமாக்கிப்போட்டுது. இப்ப, வீட்டில என்ன சாப்பிடுறனீங்கள் எண்டு கேக்கிறாங்கள்."

றேமண்ட் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். தேங்காய்ப்பாலில் அவித்த கோழி, அதற்குள் அன்னாசித் துண்டுகள், மேலே தாராளமாக மாசிக் கருவாட்டுத்தூள்.

"சண்டே சிக்கன், மிஸ். அங்க பணக்காரன் ஏழை எல்லா வீட்லயும் ஞாயித்துக்கிழமை இதுதான். மொதல்ல அன்னாசி, பொறகுதான் கோழி. ஸ்பூன் எடது கையில."

"அங்கயும் மாசி இருக்கோ?" என்று கேட்டாள் அவள்.

"சுத்திவரக் கடல் மிஸ். மாசி இல்லாம இருக்குமா?"

அது அவளுக்கு நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து ஐந்து நாள் மத்தியானத்தில் வந்து அதையே சாப்பிட்டாள். இனிப்பும் கருவாட்டு வாடையும் ஒன்றாகத் தொண்டைக்குள் இறங்கும்போது குமட்டியது. மகனை நினைத்து விழுங்கினாள். கடைசி நாள் றேமண்ட் செய்முறையை ஒப்பிக்கச் சொன்னார். அவள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். நமசிவாயத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை விமான நிலைய வரிசையில் அவளுக்குப் பின்னால் நெட்டையான ஒரு பெரியவர் நின்றார். அவள் கையிலிருந்த பாஸ்போட்டைக் கண்டதும் அவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. தானும் அந்த ஊர்தான், போர்ட் ஒஃப் ஸ்பெயினிலேயே பிறந்து வளர்ந்தவன், துறைமுகத்தில் இயந்திரம் பூட்டும் வேலையாக இங்கே வந்தவன் என்றெல்லாம் இங்கிலிஷில் சொல்லிவிட்டு, அவள் எந்தப் பக்கம் என்று கேட்டார். சரோஜினிதேவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். இந்த மனிதர் இன்னும் இரண்டு வசனம் கதைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. நல்ல காலம், அதற்குள் கவுண்டரில் கூப்பிட்டுவிட்டார்கள்.

குடிவரவு அதிகாரி பாஸ்போட்டை இரண்டு தரம் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று கேட்டார். அவள் சொன்னாள்: கோழி, அன்னாசி, தேங்காய்ப்பால், மேலே மீன் தூள். முதலில் அன்னாசியைத்தான் சாப்பிடுவோம் என்றும் சேர்த்துக்கொண்டாள். அதிகாரி சரியான விடை கேட்ட வாத்தியாரைப் போலத் தலையாட்டிவிட்டு முத்திரையைக் குத்தினார். கவுண்டரைத் தாண்டி நாலு அடி வைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது. கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

பின்னால் அந்தப் பெரியவரிடமும் அதே கேள்விதான். அதுதான் சரியான விடை என்ற நினைப்பில், அன்னாசியும் மீன் தூளும் போட்ட கோழியை வீட்டில் சாப்பிடுவீர்களா என்று அதிகாரி ஒரு வார்த்தை கூடுதலாகவும் கேட்டார். பெரியவர் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அறுபது வருடத்தில் அப்படியொரு கண்றாவியைத் தங்கள் நாட்டில் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.

இரண்டு காவலர்கள் வந்து ஆளுக்கொரு பக்கமாக அவருடைய கையைப் பிடித்தார்கள். "இந்த மாசம் இது மூன்றாவது கள்ள ட்ரினிடாட்காரன்" என்று அதிகாரி பக்கத்துக் கவுண்டர்காரரிடம் சிங்களத்தில் சொன்னார், "நமக்கு வகுப்பெடுக்க வருகிற றேமண்ட் மாத்தயா இல்லாவிட்டால் ஒருவனையும் பிடித்திருக்க முடியாது."